வாலாட்டி வந்த நாள்

ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஒரு முறை ‘இலையுதிர் காலம்’ பற்றிய படம் ஒன்றினைக் காட்ட நேர்ந்தது. செந்நிறமும் பொன்னிறமுமான இலைகள் வீதியெங்கும் சிந்திக் கிடக்க, கம்பளிச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் அவற்றை வாரிக் கூடையில் இடுவதாக வரைந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், நம்ம ஊருக்கு இது எப்ப வரும்?” என்று கேட்டாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு உடனே விடை கூற இயலாமற்போன வினாக்கள் சில உண்டு. அதுவும் அவற்றுள் ஒன்று.

இறம்பொடையில் இலை உதிர்வதில்லை. தேயிலைச் செடி, கவ்வாத்துக் கத்தி பட்டாலன்றி, ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். நம் முன்னோர் வகுத்த கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பருவங்களும் இம்மலைக்கு அப்படியே பொருந்துவன அல்ல. இங்கு பருவம் என்பது மழை எத்திசையிலிருந்து வருகிறது என்பதே. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளை அறைந்து கொட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் பிற்பகல் இடிமழைக்குரியவை. மார்கழியில் வாடை பிறந்து வடகிழக்கு மழை தொடரும். இந்த மாற்றத்தை முதலில் அறிவிப்பது வானிலை நிலையம் அன்று. பதினெட்டுக் கிராம் எடைகூடத் தேறுமோ தேறாதோ என்னும்படியான ஒரு சிறு குருவி. அந்த மாணவிக்கு அன்றே நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுதான்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருஞ்சாலையில், சுரங்க வழியையும் நூற்றொன்பது மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியையும் கண்டு வியந்து செல்லும் பிரயாணிகள், சாலைக்குக் கீழே இருக்கும் எமது வீட்டைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஏழு பேர்ச் காணி. அதில் வீடு போக மிஞ்சியது ஒரு கொல்லை. கொல்லையின் ஒரு மூலையில் கொய்யா மரம், மறு மூலையில் முள்முருக்கு, வேலியோரத்தில் சவ்சவ் கொடி. மேல் மலையின் தேயிலைக்குள்ளிருந்து வரும் நீர்க்கான் ஒன்று கொல்லையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. அக்கானின் கரையில் துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. வானம் தெளிந்த நாளில் கீழே வெகுதூரத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் ஒரு வெள்ளித் தகடு போல் தெரியும். 1985இல் அணை கட்டி முடிக்கப்படுவதற்கு முன் அங்கே வயல்களும் கிராமங்களும் இருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

இக்கொல்லைக்கு நிரந்தரக் குடிகள் பலர் உண்டு. விடியலில் எதிர்ப்பக்கத்துக் காட்டுத் துண்டிலிருந்து காட்டுச் சேவல் குரல் கொடுக்கும். அதனைக் கேட்டுவிட்டு எமது வீட்டுச் சேவல், தானும் அச்சாதியே என்ற பெருமிதத்துடன் பதில் கூவும். பிறகு வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து, முருக்க மரத்தின் ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எவரோ விசில் அடித்து அழைத்தாற்போல் ஒரே கணத்தில் போய்விடும். கொய்யா பழுத்தால் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி வரும். உலகில் வேறெங்கும் இல்லாமல் இலங்கை மலைகளில் மட்டுமே வாழும் பறவை அது. ஆயினும் கொய்யாப் பழத்தைக் கொத்திப் பாழாக்குவதில் சாதாரணப் பறவைகளுக்கு அது சிறிதும் இளைத்ததன்று. மாலையில் வண்ணாத்திக்குருவி மின்கம்பியில் அமர்ந்து கச்சேரி நடத்தும். குரங்குகளைப் பற்றி எழுதினால் எம் மனைவியார் கோபிப்பார். சவ்சவ் பந்தல் அவருடையது.

ஆவணி மாதத்தில் இக்குடிகள் யாவும் ஒடுங்கிவிடும். மூடுபனி வாசலுக்குள் வந்து நிற்கும். நீர்வீழ்ச்சியின் இரைச்சல் இரவும் பகலும் செவியில் நிறைந்திருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாக, குளிரில் விறைத்த விரல்களோடு மலையேறுவார்கள். அப்படியே நாட்கள் கழிந்து, புரட்டாசியில் ஒரு காலை, மழை ஓய்ந்த இடைவேளையில், கானின் பக்கத்திலிருந்து ‘சிட்-சிட்’ என்று, இரண்டு சிறு உலோகத் துண்டுகளைத் தட்டினாற் போன்ற ஓர் ஒலி கேட்கும். அவ்வொலியைக் கேட்டதும் இவ்வீட்டில் எவரும் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடர்வதில்லை. மனைவியார் அடுப்பை விட்டு வருவார். பேத்தி பல் துலக்கும் தூரிகையுடன் ஓடி வருவாள். துவைகல்லின் மேல், சாம்பல் நிற முதுகும் எலுமிச்சை மஞ்சள் அடிவயிறுமாக, நீண்ட வாலை மேலும் கீழும் அசைத்தபடி வாலாட்டி நிற்கும்.

வாலாட்டிகளுள் பல வகை உண்டு. நாம் கூறுவது மலையோடைகளை விரும்பும் சாம்பல் வாலாட்டி. இமயத்தின் சரிவுகளிலும் அதற்கப்பால் வட ஆசியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்படும். இலங்கைக்கு வருபவை தாழ்ந்த நிலங்களில் அதிகம் தங்குவதில்லை. மலைநாட்டு ஓடைகளையே நாடுகின்றன. நீரோரத்துப் பூச்சி, புழுக்களே அதன் உணவு. சித்திரை வாக்கில் மீண்டும் வடக்கே போய்விடும். பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர், இத்தகைய வலசைப் பறவை ஆண்டுதோறும் அதே ஓடைக்கு, அதே முற்றத்துக்குத் திரும்பி வருவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வரும் ஒரு பிராணி, இறுதியில் ஒரு துவைகல்லை அடையாளம் கண்டு இறங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வீதியின் பெயர்ப்பலகை இருந்தும் எமது வீட்டைத் தபால்காரர் இருமுறை தவறவிட்டிருக்கிறார்.

இவற்றையெல்லாம் நாம் பின்னாளில் நூல்களில் படித்து அறிந்தோம். ஜி. எம். ஹென்றி என்பார் 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல் அவற்றுள் முதன்மையானது. அவரும் இம்மலைநாட்டினரே, 1891இல் கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் வாலாட்டியை எமக்கு முதலில் காட்டிக் கொடுத்தவர், எழுத்தறியாத எம் அப்பாயி. அப்போது நாம் தோட்டத்து லயத்தில் இருந்தோம். எட்டுக் காம்பராவுக்கும் ஒரே பீலி. அந்தப் பீலிக்கரையில் குடங்களுக்கு நடுவே அச்சமின்றி வாலாட்டி நடக்கும். “வாலாட்டி வந்திருச்சு; இனி மழை அந்தப் பக்கம் திரும்பிரும். கம்பளிய எடுத்துக் காயப்போடு” என்பார் அப்பாயி. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்குவோம்.

அப்பாயிக்கு அடுத்தபடி அக்குருவியை எதிர்பார்த்திருந்தவர் எம் அத்தை, தந்தையாரின் தங்கை. தண்ணீர் எடுப்பது அவர் பொறுப்பாக இருந்தமையால், வாலாட்டியை முதலில் கண்டு வந்து சொல்லும் உரிமையும் அவருடையதாக இருந்தது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948இன் சட்டத்தால் நாடற்றவராகிவிட்ட ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. கணக்கு எழுதுவோருக்கு இது எளிய கணக்கு. எம் லயத்தில் அது வேறு விதமாக வந்து சேர்ந்தது. தந்தையார் இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார். அத்தையின் கணவர் இந்தியாவுக்கு. 1973இல், எமக்குப் பதினொரு வயதாயிருக்கையில், அத்தையின் குடும்பத்துக்குக் கடவுச்சீட்டு வந்தது. தலைமன்னாருக்குப் போகும் புகையிரதத்தை எம் லயத்தார் ‘அழுகைக் கோச்சி’ என்றே சொன்னார்கள். கண்டி நிலையத்தில் அதில் அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பிய இரவு, அப்பாயி பீலிக்கரையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அது ஐப்பசி மாதம். வாலாட்டி வந்திருந்த காலம்.

அத்தைக்கு நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்தில், வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று அது. அடுத்த ஆண்டு புரட்டாசியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை, சொன்னவர் அத்தை. எல்லாருடைய சுகத்தையும் பெயர் பெயராக விசாரித்துவிட்டு, இறுதியில் ஒரு வரி: இங்கே வாலாட்டி வந்துவிட்டது, அங்கே வந்துவிட்டதா?

நீலகிரி ஓடைகளுக்கும் அதே பறவை அதே பருவத்தில் வருகிறது என்பது எமக்கு அப்போது பெரும் வியப்பாக இருந்தது. அன்று தொடங்கிய போட்டி அது. எவர் வீட்டுக்கு முதலில் வருகிறது? வழக்கமாகக் கோத்தகிரிதான் சில நாட்கள் முந்தும். வடக்கேயிருந்து வரும் பறவைக்கு அது முதலில் எதிர்ப்படும் மலை என்பதால், அதில் அத்தையின் சாமர்த்தியம் ஏதும் இல்லை என்று தந்தையார் பதில் எழுதுவார். கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆகும். 1984இல் கப்பலும் நின்றது. கடிதமும் சில காலம் தடுமாறியது. ஆயினும் நாட்காட்டித் தாளின் ஓரத்தில் வாலாட்டி வந்த நாளைக் குறித்துவைக்கும் பழக்கம் எம் வீட்டில் நிற்கவில்லை. தந்தையார் மறைந்தபின் அந்தக் கட்டு எம்மிடம் வந்தது.

2011இல் ஒரு முறை நாம் கோத்தகிரிக்குப் போனோம். மலைச்சரிவில் சிறு வீடு. வாசலில் தேயிலை, நடுவே சில்வர் ஓக் மரங்கள், கீழே ஓடை. கண்ணை மூடித் திறந்தால் இறம்பொடை. வாலாட்டி கூரைத் தகட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதனைக் காட்டி அத்தை, “இது இங்கன ரெண்டு நாளு தங்கிட்டு நம்ம பீலிக்கரைக்குத்தான் போகுது ராசா” என்றார். ஆசிரியப் புத்தி எம்மை விடவில்லை. அப்படியன்று, இங்கு குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை இங்கேயே தங்கும். நம்மூருக்கு வருபவை வேறு பறவைகள் என்று விளக்கினோம். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ படிச்சவன், சொல்லுவ. நான் பாத்தவ” என்று கூறி எழுந்து தேநீர் வைக்கப் போனார். காஷ்மீரத்தில் கூடு கட்டும் ஒரு சிறு ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் வருகிறது என்றும், நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் அதனைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் வந்து காத்திருக்கிறார்கள் என்றும் பின்னர் சொன்னோம். “அதுக்கு யாரு பாஸ்போட்டு குடுத்தது?” என்று மட்டும் கேட்டார்.

இனி எமது குற்றமொன்றைச் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு, முழங்கால் வலியால் குனிந்து களை பிடுங்க இயலாமல், கடையிலிருந்து களைக்கொல்லி வாங்கிக் கானின் இரு கரையிலும் தெளித்தோம். ஒரு வாரத்தில் புல் யாவும் மஞ்சளித்துச் சாய்ந்தது. கொல்லை கோயில் பிரகாரம் போல் சுத்தமாயிற்று. நீர்மேல் எப்போதும் கூத்தாடும் பூச்சிகளும் இல்லாமற்போயின. அவ்வாண்டு வாலாட்டி வந்தது. துவைகல்லில் நின்றது. கானோரம் இருமுறை மேலும் கீழுமாக நடந்தது. பிறகு எழுந்து சாலைக்கப்பால் பறந்துவிட்டது. மறுநாள் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. மனைவியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதிருப்பது எத்தகைய தண்டனை என்பதை இல்லறத்தார் அறிவர்.

அந்த ஞாயிறு அத்தை தொலைபேசியில் அழைத்தார். “வந்திருச்சா?” என்று கேட்டார். “வந்துவிட்டது அத்தை, கொல்லையிலேயே நிற்கிறது” என்று வாய் கூசாமல் சொன்னோம். “எந்தக் கல்லு மேல?” என்றார். துவைகல்லின் மேல் என்றோம். “தண்ணிப் பக்கம் பாத்தா, செவுத்துப் பக்கம் பாத்தா?” என்று அடுத்த கேள்வி. நாம் ஒரு கணம் தயங்கிவிட்டோம். மறுமுனையில் நெடிய அமைதி. “பொய் சொல்லாத ராசா. வரலைன்னா வரலைன்னு சொல்லு” என்றார் அத்தை. அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியிடம், ஐம்பத்தொரு வயதுத் தலைமையாசிரியர், மாணாக்கன் போல் உண்மையை ஒப்புக்கொண்டார்.

அதன்பின் அக்கொல்லையில் மருந்து தெளித்ததில்லை. 2015இல் அரசு அத்தகைய களைக்கொல்லியைத் தடைசெய்தபோதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தியபோதும் எமது கொல்லையின் சட்டம் மாறவில்லை; மனைவியார் அதற்குத் தனி அரசாங்கம். புல் மீண்டும் முளைத்தது. தவளை வந்தது. மூன்றாம் ஆண்டு வாலாட்டி வந்து, சித்திரை வரை தங்கிற்று.

வேறு விருந்தினரும் இப்பருவத்தில் வருவதுண்டு. ஐப்பசி இரவொன்றில், மூடுபனி அடர்ந்திருக்கையில், விளக்கெரிந்த சாளரக் கண்ணாடியில் ‘தொப்’பென்று ஏதோ மோதியது. வெளியே சென்று பார்த்தால், பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாக ஆறுமணிக்குருவி ஒன்று மயங்கிக் கிடந்தது. சிங்கள நண்பர்கள் இதனை ‘அவிச்சியா’ என்பார்கள். இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வருவதால், வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு விளக்குகளில் மோதிக்கொள்வது இதன் தலைவிதி. பேத்தி செருப்புப் பெட்டியொன்றில் பழந்துணி விரித்தாள். மூடியில் துளையிட்டு, இருட்டில் அமைதியாக வைத்தோம். தண்ணீர் ஊற்ற வேண்டும், சோறு ஊட்ட வேண்டும் என்று அண்டை வீட்டார் கூறிய யோசனைகளை ஏற்கவில்லை. மயங்கிய பறவையின் வாயில் நீர் விட்டால் மூச்சடைத்து இறந்துவிடும். காலையில் வேலியோரத்தில் பெட்டியைத் திறந்தோம். ஒரு நிமிடம் எம்மைப் பார்த்தது. தத்திக் குதித்துப் புதருக்குள் மறைந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு அப்புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழுந்தது. பேத்தி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “தாத்தா, ரெண்டு நிமிசம் லேட்” என்றாள். அன்று முதல் இரவு எட்டு மணிக்குப் பிறகு அச்சாளரத்துக்குத் திரையிடுவது அவள் வேலை.

2025ஆம் ஆண்டும் வாலாட்டி காலத்தில் வந்தது. நாட்காட்டித் தாளில் குறித்தோம். அத்தைக்கும் சொன்னோம், அவர் வழக்கம்போல் கல்லையும் திசையையும் கேட்டுச் சரிபார்த்தார். நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. அன்றைய மழை, மழையாகக் கேட்கவில்லை. மலையே பேசுவது போல் இருந்தது. நள்ளிரவில் கிராமத்தார் வந்து கதவைத் தட்ட, பேத்தியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேலே பாடசாலைக்குப் போனோம். மலைநாடெங்கும் மண்சரிவு; நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாலைகள் அறுந்தன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பாடசாலை மண்டபத்தில், நாம் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளின் பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

நான்காம் நாள் வீட்டைப் பார்த்துவர அனுமதித்தார்கள். வீடு நின்றது. கொல்லையில் பாதி, இடுப்பளவு செம்மண்ணுக்குக் கீழே இருந்தது. கொய்யா மரம் இல்லை. சவ்சவ் பந்தல் இருந்த இடம் எது என்று மனைவியாராலேயே சொல்ல முடியவில்லை. கான் தன் பழைய வழியை விட்டு, வேலிக்கு அப்பால் புதிதாக ஒரு வழி வெட்டிக்கொண்டு கலங்கலாக ஓடிற்று. துவைகல்லைத் தேடினோம், அதுவும் மண்ணுக்குள். என்ன செய்வதென்று அறியாமல் நின்றுகொண்டிருக்கையில், ‘சிட்-சிட்’ என்று கேட்டது.

ஐந்தாம் நாள் மாலை, பாடசாலை மதிலின் ஒரு மூலையில் நின்றால் மட்டும் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கிறதென்று இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். நாமும் வரிசையில் நின்று அங்கே போனோம். நாம் அழைப்பதற்கு முன்பே அது ஒலித்தது. அத்தை ஐந்து நாட்களாக இடைவிடாமல் அழைத்திருக்கிறார். எண்பது வயதுக் குரல் நடுங்கிற்று. எம் பெயர், மனைவியார் பெயர், மகன், மருமகள், பேத்தி, பழைய லயத்தில் இன்னும் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ‘இருக்கிறார்’ என்று சொல்லச் சொல்ல, மறுமுனையில் மூச்சு சிறிது சிறிதாக நிதானப்பட்டது. பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அது?” என்றார்.

“இருக்குது அத்தை. நேத்துப் பாத்தோம்.”

“எந்தக் கல்லு மேல?”

“பழைய கல்லு மண்ணுக்குள்ள போயிருச்சு அத்தை. மேல் மலையில இருந்து ஒரு கல்லு உருண்டு வந்து கான்ல நிக்குது. அதுமேல. தண்ணிப் பக்கம் பாத்து.”